இடுப்புப் பை: பெயரும் மதிப்பும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு வாரும், ஒரு கொக்கியும், இழுத்து மூடும் பல்வரிசையும் கொண்ட ஒரு பை. இடுப்பில் கட்டிக்கொள்ளும் பை. மலாய்க்காரர்கள் இதனைப் 'பெக் பிங்காங்' என்பார்கள். நம் பிள்ளைகள் 'பவுச் பேக்' என்பார்கள். சந்தையில் காய்கறி விற்பவர் முதல் சினிமா நடிகர் வரை இன்று பலரும் இதனை அணிகிறார்கள். ஆனால் ஒருவர் அணிந்தால் நாகரிகம் என்றும், மற்றொருவர் அணிந்தால் பட்டிக்காட்டுத்தனம் என்றும் உலகம் பேசுகிறது. ஒரே பைக்கு ஏன் இந்த இரண்டு பார்வை? அதற்கு வழங்கும் பெயர்களுக்கும் இந்தப் பார்வைக்கும் என்ன தொடர்பு? இதைத்தான் இன்று சற்று ஆராய்ந்து பார்க்கப் போகிறோம்.

ஜொகூர் மாநிலத்தில் உள்ள கெலாங் பாத்தாவை நேயர்கள் பலர் அறிவீர்கள். 'கெலாங்' என்றால் வளையல். 'பாத்தா' என்றால் உடைந்தது. உடைந்த வளையல் என்பது ஓர் ஊருக்குப் பெயர்! ஆனால் அந்தப் பெயரைச் சொல்ல அவ்வூர் மக்கள் யாரும் வெட்கப்படுவதில்லை. ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்திருந்த வட்டாரம் அது. 1998-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அங்கிருந்து சிங்கப்பூரின் துவாசுக்குச் செல்லும் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. அருகில் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகமும் எழுந்தது. பால்வெட்டுக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று தொழிற்சாலைக்கும் துறைமுகத்துக்கும் போகிறார்கள்.

பொழுது விடியுமுன்னரே அந்தப் பாலத்தை நோக்கி மோட்டார் சைக்கிள்கள் விரைகின்றன. ஓட்டிச் செல்பவர்களில் பலருடைய இடுப்பிலோ மார்பின் குறுக்கிலோ ஒரு சிறு பை இருக்கும். அதற்குள் இருப்பவை கடப்பிதழ், அடையாள அட்டை, வேலை அனுமதி அட்டை, கைத்தொலைபேசி, இரண்டு நாட்டுப் பணம், வீட்டுச் சாவி. அந்தப் பை தொலைந்தால் அன்றைய வேலை போயிற்று. சில வேளைகளில் அந்த மாதச் சம்பளமே தடுமாறிப் போகும். அந்தத் தொழிலாளிக்கு அது அலங்காரப் பொருளே அன்று. குடும்பத்தின் பிழைப்பையே அவர் அந்தப் பையில் சுமந்து செல்கிறார்.

இந்தப் பை நேற்று முளைத்த ஒன்றா என்றால், இல்லை. 1991-ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரியாவும் இத்தாலியும் சந்திக்கும் எல்லையருகே, பனிக்கட்டிக்குள் ஒரு மனிதனின் உடலைக் கண்டெடுத்தார்கள். ஆராய்ந்து பார்த்ததில், அவன் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன் என்று தெரிந்தது. அவன் இடுப்பில் ஒரு வார் இருந்தது. அந்த வாரோடு சேர்த்துத் தைத்த, கன்றுத் தோலினால் ஆன ஒரு பையும் இருந்தது. அந்தப் பைக்குள் சுரண்டவும் துளையிடவும் உதவும் சிறு கற்கருவிகள், ஓர் எலும்பூசி, நெருப்பு மூட்டப் பயன்படும் காய்ந்த காளான் ஆகியவை இருந்தன. அதாவது, ஒரு தொழிலாளியின் கருவிப் பை அது. எகிப்தின் பெரிய கோபுரங்கள் எழுவதற்கும் முன்பே மனிதன் இடுப்பில் பை கட்டத் தெரிந்தவனாக இருந்திருக்கிறான்.

எத்தனையோ இடங்கள் இருக்க, இடுப்பை ஏன் தேர்ந்தெடுத்தான்? காரணம் எளிது. இரண்டு கைகளுக்கும் வேலை இருக்கிறது. தோளில் தொங்கும் பை குனியும்போது முன்னால் வந்து விழும். தலையில் வைத்தால் கழுத்தைத் திருப்ப முடியாது. இடுப்போ உடலின் நடு. அங்கே கட்டிய பாரம் ஆடாது, அசையாது. கையைத் தாழ்த்தினால் தொடலாம். கண்ணைத் தாழ்த்தினால் பார்க்கலாம்.

உடையில் பை இல்லாத மக்கள் எல்லாரும் இந்த வழியையே கண்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்து மக்களின் பாவாடை போன்ற உடையில் பை கிடையாது. ஆகவே முன்பக்கம் ஒரு தோல் பையைத் தொங்கவிட்டார்கள். ஜப்பானியரின் கிமோனோ உடைக்கும் தைத்த பை இல்லை. அவர்கள் சிறு பெட்டிகளையும் பைகளையும் கயிற்றில் கோத்து இடுப்புக் கச்சையிலிருந்து தொங்கவிட்டார்கள். புனித ஹஜ் பயணம் செல்லும் முஸ்லிம் ஆண்கள் தையலில்லாத வெள்ளாடை உடுத்துகிறார்கள். பணத்தையும் பத்திரத்தையும் காத்துக்கொள்ள, பை வைத்த இடுப்பு வார் அவர்களுக்குத் துணை செய்கிறது.

நேயர்களே, இனி நம் வீட்டுக்கு வருவோம். வேட்டிக்கும் சேலைக்கும் பை உண்டா? இல்லை. ஆனால் தமிழர்கள் பையில்லாமலா வாழ்ந்தார்கள்? இடுப்பில் செருகிய துணியின் மடிப்பையே பையாக்கிக்கொண்டார்கள். அதற்கு 'மடி' என்று பெயர். குழந்தை உறங்கும் இடமும் மடி. காசை வைத்துக் கட்டும் இடமும் மடி. 'மடியில் கனமிருந்தால் வழியில் பயம்' என்ற பழமொழியை அறியாதவர் யார்? பருத்திக் காட்டில் பெண்கள் சேலையை இடுப்பில் மடியாகக் கட்டிக்கொண்டு, பறித்த பருத்தியை அதில் நிரப்புவார்கள். தமிழ்நாட்டுத் தென் மாவட்டங்களில் பனையேறும் தொழிலாளி, பாளை சீவும் அரிவாளை வைக்க ஒரு பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் மரம் ஏறுவார். அரிவாள் பெட்டி என்று அதற்குப் பெயர். இரு கையாலும் மரத்தைப் பற்றி ஏறுபவருக்கு, அந்தப் பெட்டி மூன்றாவது கை.

பாட்டிமார்களின் சுருக்குப் பையை மறக்க முடியுமா? வாயில் கயிறு கோத்து, இழுத்தால் சுருங்கி மூடிக்கொள்ளும் துணிப் பை. வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு, பேரனுக்கு ஒரு மிட்டாய், எல்லாம் அதற்குள் அடங்கும். இடுப்பில் செருகிவிட்டால் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியது போல. கைலி கட்டும் ஆண்கள் அகலமான இடுப்பு வார் அணிந்து, அதில் உள்ள அறைகளில் பணம் வைத்த காலத்தையும் நேயர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள்.

திருடர்களும் இந்த வழக்கத்தை நன்றாக அறிந்திருந்தார்கள். துணி முனையில் முடிந்து வைத்த காசைக் களவாடுகிறவனுக்குத் தமிழில் 'முடிச்சுமாறி', 'முடிச்சவிழ்ப்பவன்' என்று பெயர். சட்டைப் பை வருமுன் தமிழ்நாட்டில் பணம் எங்கே இருந்தது என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி.

நம் தோட்டப்புறத்திலும் இடுப்பு சும்மா இருந்ததில்லை. பெரட்டு முடிந்து நிரைக்குப் போகும் பால்வெட்டுத் தொழிலாளியின் ஒரு கையில் உளி, மறு கையில் வாளி. கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உருவினால் எங்கே போடுவது? இடுப்பில் கட்டிய பையில்தான். கொசுக்கடி தாங்காமல், கொசுவர்த்திச் சுருளை ஒரு தகரக் கூட்டில் வைத்து இடுப்பிலேயே தொங்கவிட்டு வேலை செய்தவர்கள் எத்தனை பேர்! அழுக்குத் துணியில், சாக்கில், பழைய கால்சட்டையின் துண்டில் தைத்த பைகள் அவை. அவற்றை யாரும் நாகரிகம் என்று சொன்னதில்லை. ஆனால் அந்தப் பையில் விழுந்த ஒட்டுப்பாலுக்கும் கூலி உண்டு. அந்தக் கூலி பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையாக மாறியதும் உண்டு.

பணத்தைவிடப் பெரிய பொருளும் மடியில் ஏறிய காலம் ஒன்று வந்தது. 1948-இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடையாள அட்டை கட்டாயமாயிற்று. அதன் பின் வீட்டை விட்டு வெளியே போகிறவர் அட்டையைக் கையோடு கொண்டு போக வேண்டியதாயிற்று. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு முறை வந்தது. சீட்டுக் கிடைக்காத தோட்டத் தொழிலாளர்கள் பலர், பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு கப்பலேறித் தமிழ்நாடு திரும்ப நேர்ந்தது. ஒரு துண்டுக் காகிதம் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றக் கூடியதாக இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் அந்தக் காகிதத்தைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக் காத்தார்கள் என்றால், அதன் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றே பொருள்.

இனி, பெயருக்கு வருவோம். நைலான் துணியில் செய்த இன்றைய இடுப்புப் பை உலகெங்கும் பரவியது 1980-களில். பனிச்சறுக்கு விளையாடுபவர்களும், சைக்கிள் ஓட்டுபவர்களும், ஊர் சுற்றிப் பார்க்கும் பயணிகளும் அதனை விரும்பி அணிந்தார்கள். ஒவ்வொரு நாட்டாரும் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஜெர்மானியர் வயிற்றுப் பை என்றார்கள். பிரெஞ்சுக்காரர் அதன் வளைந்த வடிவத்தைப் பார்த்து வாழைப்பழம் என்றார்கள். இத்தாலியர், கங்காரு குட்டியைச் சுமக்கும் வயிற்றுப் பைக்கு வழங்கும் சொல்லையே இதற்கும் வைத்தார்கள். ஸ்பெயின் நாட்டார் சிறுநீரகம் இருக்கும் இடத்தை வைத்துப் பெயரிட்டார்கள். சீனரும் மலாய்க்காரரும் நேராகவே இடுப்புப் பை என்றார்கள்.

ஆங்கிலம் பேசுவோரிடையேதான் சிக்கல் வந்தது. அமெரிக்கர் அதனை 'ஃபேனி பேக்' என்றார்கள். 'ஃபேனி' என்பது அவர்கள் பேச்சில் பின்புறத்தைக் குறிக்கும் விளையாட்டுச் சொல். அதே சொல் இங்கிலாந்தில் சபையில் சொல்லத் தகாத கொச்சைச் சொல். ஆகவே இங்கிலாந்துக்காரர் 'பம் பேக்' என்றார்கள். 'பம்' என்றாலும் பின்புறம்தான்! வேடிக்கை என்னவென்றால், பலரும் அந்தப் பையை முன்பக்கம்தான் கட்டுகிறார்கள். பெயர் பின்னால் இருக்கிறது, பை முன்னால் இருக்கிறது.

இப்படிப்பட்ட பெயர் வாய்த்த பை கேலிக்குத் தப்புமா? சில ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது நகைச்சுவைப் பொருளாயிற்று. அழகு தெரியாத அப்பாக்களும், வழி தெரியாத சுற்றுலாப் பயணிகளும் அணிவது என்று ஏளனம் செய்தார்கள். இளைஞர்கள் கழற்றி எறிந்தார்கள்.

ஆனால் அந்தக் கேலி நடந்த நாட்களிலும் நம் ஊர்ப் பசார் மாலாமில் மீன் விற்றவரும் துணி விற்றவரும் அதனைக் கழற்றவில்லை. மீதிச் சில்லறை கொடுக்க அவர்களுக்கு அந்தப் பை வேண்டியிருந்தது. நாகரிகம் வந்தபோது அவர்கள் அணியத் தொடங்கவுமில்லை. நாகரிகம் போனபோது விடவுமில்லை.

பிறகு காற்று திரும்பியது. 2010-களின் பிற்பகுதியில் குச்சி, லூயி வுய்த்தோன் போன்ற பெரிய ஆடம்பர நிறுவனங்கள் அதே பையைத் தோலில் செய்து, தங்கள் முத்திரையைப் பதித்து, பல ஆயிரம் ரிங்கிட் விலையில் கடைக்குக் கொண்டுவந்தன. பழைய பெயரின் நாற்றம் ஒட்டாமலிருக்கப் பல கடைக்காரர்கள் 'பெல்ட் பேக்' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். வேறு சிலர் கேலிப் பெயரையே துணிந்து எடுத்துப் பெருமையாக அச்சடித்தார்கள். இடுப்பில் கட்டியதை மார்பின் குறுக்கே போட்டுப் படமெடுத்துக் காட்டினார்கள். நேற்று சிரித்தவர்களே இன்று வரிசையில் நின்று வாங்கினார்கள். பை மாறவில்லை. அதே வார், அதே கொக்கி, அதே அறை. மாறியது அணிந்தவரும் பெயரும்தான்.

இது மேல்நாட்டார் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் தமிழிலேயே 'அடைப்பம்' என்று ஒரு பழஞ்சொல் இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் அதற்கு இரண்டு பொருள்களைக் காணலாம். ஒன்று, வெற்றிலைப் பை. மற்றொன்று, முடிதிருத்தும் தொழிலாளி தம் கத்தியும் கருவிகளும் வைத்திருக்கும் பை. அரசனுக்கு அருகில் நின்று வெற்றிலைப் பை தாங்கியவன் அடைப்பைக்காரன். அரசவையில் அது நம்பிக்கைக்குரிய பதவி. அதே பெயருள்ள பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்ற முடிதிருத்துபவரையோ ஊர் தெருவோரத்தில் நிறுத்தியது. பைக்கு ஒரே பெயர். ஒருவருக்கு மரியாதை, மற்றவருக்கு அவமதிப்பு. தவறு பையில் இருந்ததா? தொழிலையும் பிறப்பையும் வைத்து மனிதரை அளந்த பார்வையில் இருந்ததா? நேயர்களே, நீங்களே சொல்லுங்கள்.

அந்தப் பார்வை இன்னும் முற்றாக மறையவில்லை. மார்பின் குறுக்கே சிறு பை போட்டுக்கொண்டு நிற்கும் இந்திய இளைஞனைக் கண்டால், 'இவன் குண்டர் கும்பலைச் சேர்ந்தவனோ' என்று ஐயுறுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவன் பைக்குள் பாலத்தைக் கடக்க வேண்டிய கடப்பிதழ் இருக்கலாம். தங்கைக்குக் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணம் இருக்கலாம். அதே பையை விலையுயர்ந்த காரிலிருந்து இறங்கும் ஒருவர் அணிந்திருந்தால், 'எந்தக் கடையில் வாங்கினீர்கள்?' என்று கேட்கிறோம். பையைக் கொண்டு ஆளை எடைபோடுவது நீதியாகாது.

மறுபக்கமும் ஒன்று உண்டு. சந்தைக்குப் போகும் அம்மா இடுப்பில் கட்டிய பழைய பையைப் பார்த்து, 'கூட வர வெட்கமாக இருக்கிறது' என்று சொல்லும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. அரசாங்கம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் படைக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் 'பட்ஜெட்' என்று பெயர். அந்தச் சொல் சிறு தோல் பையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. இங்கிலாந்தின் நிதியமைச்சர் பையைத் திறந்து கணக்கைக் காட்டுகிறார் என்று சொல்லப் போய், பையின் பெயரே கணக்கின் பெயராகிவிட்டது. நாட்டின் கணக்குக்கே ஒரு சிறு பை பெயர் கொடுத்திருக்கும்போது, வீட்டின் கணக்கைத் தாங்கும் அம்மாவின் பையைப் பார்த்து வெட்கப்படலாமா? அரிசிக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு, பள்ளிப் பேருந்துக்கு இவ்வளவு என்று அந்தப் பைக்குள் பிரித்து முடிந்து வைத்திருக்கிறாரே, அதுதான் முதல் பட்ஜெட்.

இனி, பயனுள்ள சில குறிப்புகள். இடுப்புப் பை வாங்கும்போது முத்திரையைப் பார்க்காதீர்கள். தையலைப் பாருங்கள். வார் பையோடு சேரும் இடத்தில் இரட்டைத் தையல் இருக்கிறதா, கொக்கி இறுகப் பிடிக்கிறதா, பல்வரிசை தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். முதல் சம்பளம் வாங்கிய தம்பி, பெரிய நிறுவனத்தின் பெயரைப் பொய்யாக ஒட்டிய பைக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அந்தப் பணம் பைக்கு வெளியே இருப்பதைவிடப் பைக்கு உள்ளே இருப்பது நல்லது.

கூட்டமான இடத்தில் பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப்புறம் இருந்தால் முடிச்சுமாறிக்கு அழைப்பு வைத்தது போலாகும். கடப்பிதழையும் அட்டைகளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டுப் பிறகு பைக்குள் வையுங்கள். மழை சொல்லிவிட்டு வராது. எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். கடப்பிதழ் எண்ணையும் அட்டை எண்களையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்திருங்கள். அடையாள அட்டை தொலைந்தால் தேசியப் பதிவுத் துறையிடமும், கடப்பிதழ் தொலைந்தால் போலீசில் புகார் செய்து குடிநுழைவுத் துறையிடமும் காலம் தாழ்த்தாமல் தெரிவியுங்கள்.

மற்றொரு முக்கியமான செய்தி. மோட்டார் சைக்கிளில் வரும் வழிப்பறிக்காரன் பையைப் பிடித்து இழுத்தால் போராடாதீர்கள். குறுக்கே மாட்டிய வார் ஆளையே சாலையில் இழுத்துச் சென்றுவிடும். ஒரு கையால் கழற்றக்கூடிய கொக்கியாகப் பார்த்து வாங்குவது அதனால்தான். காகிதத்தை மறுபடி பெறலாம். காசை மறுபடி ஈட்டலாம். உயிரைப் பெற முடியாது.

கடைசியாக, இந்தப் பையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்பதுண்டு. புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. இடுப்புப் பை என்றாலே போதும். கேட்டவுடன் பொருள் விளங்கும். குழந்தைக்கும் புரியும், கிழவிக்கும் புரியும். அதில் கேலியும் இல்லை, பகட்டும் இல்லை. சுருக்குப் பை, அரிவாள் பெட்டி, மடி என்று நம் முன்னோர் வழங்கிய சொற்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். இன்று கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கொளியில் மின்னும் பை, உழைப்பவர்கள் தங்கள் இரண்டு கைகளையும் வேலைக்கு விடுவதற்காகக் கண்டுபிடித்த பை என்பது அப்போது அவர்களுக்குத் தெரியவரும்.

நாளை காலை வேலைக்குப் புறப்படும்போது, பையின் வாயை ஒருமுறை இழுத்துப் பார்த்து, நன்றாக மூடியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு தலை நிமிர்ந்து புறப்படுங்கள்.